நாலாவது கேட்டின் இரண்டு சாவிகள்

ஆம்பூர்
4 ஜூன் 1996

ஜெஃப்ரிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் 'கணினித் தோழன்' பத்திரிகையின் கட்டுரைப் போட்டிக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. 'வல்கன் கேட்: ஒரே விளையாட்டு, இரண்டு கருவிகள்' என்று நம் இருவர் பெயரையும் போட்டுத் தபால் அட்டை அனுப்பித் தொலைத்துவிட்டோம். என்னிடம் டிவியில் மாட்டும் கேம் பெட்டி இருக்கிறது, உன்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒருவன் இல்லாமல் இன்னொருவன் எழுத முடியாது. அதற்காக மட்டும்தான் இந்தக் கடிதம்.

தோல் விஷயத்தைப் பேச வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. டேனரியில் தோலைக் கலர் வாரியாகப் பிரிக்கிற அசார்ட்டிங் மேஜையில் உன்னைச் சேர்த்துவிட்டது நான். சேர்த்துக்கொண்டது என் மாமு அமீர் பாஷா. அந்த மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்னதுதான் கலர். நீ பிரித்த பிரவுன் கட்டுக்குள் பதினோரு ஆலிவ் பச்சைத் தோல். ஷூ கம்பெனிக்காரன் பாதி வெட்டிய பிறகுதான் பார்த்திருக்கிறான். இடது கால் ஷூ பிரவுன், வலது கால் ஆலிவ். மொத்தச் சரக்கும் லாரியில் திரும்பி வந்தபோது மாமு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அதற்கும் நீ சொன்னது ஒரே பதில்: "பாத்துதான் வெச்சேன்." தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமுவே உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார். இப்போது உன் பெயரைக்கூட எடுப்பதில்லை.

போகட்டும். உன் கம்ப்யூட்டரில் விளையாட்டு எப்படி ஓடுகிறது, எத்தனை அறைகள், என்ன சத்தம், எல்லாவற்றையும் எழுது.

ரஃபி அகமது

*

ஜோலார்பேட்டை
9 ஜூன் 1996

ரஃபிக்கு,

நானும் 'அன்புள்ள' போடவில்லை. சரிக்குச் சரி.

நான் பார்த்துத்தான் வைத்தேன். ஒவ்வொரு தோலையும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்து வைத்தேன். செய்யாத அலட்சியத்துக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

கட்டுரைக்கான விவரங்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தேவகிருபை அத்தைக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் இது. பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் டேப் ரிக்கார்டர், மறுபக்கம் டிவி. கேசட்டைப் போட்டால் விளையாட்டு ஏறி முடிய ஐந்து நிமிடம் பதினோரு விநாடி. அதுவரை தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். அப்பா ராத்திரி ரயில் ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குவார். அதனால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி கடக்கும் நேரம் பார்த்து கேசட்டைத் தட்டுவேன்.

மொத்தம் நாற்பத்தெட்டு அறைகள். வீரன் ஓரத்துக்குப் போனால் படம் சட்டென்று மாறி அடுத்த அறை வரும். நாற்பத்தெட்டையும் கிராஃப் பேப்பரில் வரைந்து வைத்திருக்கிறேன். உனக்கு ஒரு படி அனுப்புகிறேன். இசை கிடையாது. கோடரி வீசினால் 'டிக்', செத்தால் 'டுர்ர்', அவ்வளவுதான். எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. கலர் டிவி அக்கா கல்யாணம் முடிந்த பிறகுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். இந்தச் சாம்பல் கலரிலேயே ஏழு கேட்டையும் மூன்று முறை முடித்திருக்கிறேன். அதையும் எழுது.

அப்பா ரயில்வே விண்ணப்பப் பாரம் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். உதவி டிரைவர் வேலை. தோல் நமக்கு ஒத்துவரவில்லை, இதற்கு எழுதிப் போடு என்கிறார். டேனரியில் என்ன நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது.

ஜெஃப்ரி

*

ஆம்பூர்
15 ஜூன் 1996

ஜெஃப்ரி,

வரைபடம் வந்தது. நாற்பத்தெட்டு அறையையும் ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறாய். நீ ஒரு பைத்தியம். இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதே.

இப்போது என் பெட்டியின் பெருமையைக் கேள். கேசட்டைச் சொருகு, ஸ்விட்சைப் போடு, விளையாடு. ஐந்து நிமிடம் ஒப்பாரி கேட்க வேண்டியதில்லை. படம் அறை அறையாகக் குதிக்காது, வீரன் ஓட ஓடக் கோட்டையும் கூடவே நகரும். எரிமலைக் குழம்பு செக்கச்செவேல் என்று கொதிக்கும். இசையோ, தங்கச்சி ஃபரீதா சப்பாத்தி தேய்க்கும்போதுகூட இரண்டாவது கேட்டின் பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள். அம்மாவுக்குப் பேஜாராகி, பெட்டியை வெளியே எறிவேன் என்கிறார். ஒரே குறை, ஆறாவது கேட்டில் டிராகன் வந்தால் படம் நடுங்குகிறது. மற்றபடி உன்னுடையது பென்சில் படம், என்னுடையது பெயின்ட் படம்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் ஏழு கேட்டையும் முடிக்கிறவன், என் வீட்டில் நாலாவது கேட்டிலேயே விழுகிறாய். பத்துக்கு ஆறு தடவை தப்பான சாவியை எடுக்கிறாய். ரம்ஜான் அன்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஆடினோமே, என் கடைசி உயிரை உன்னிடம் கொடுத்தேன். அதையும் அதே சாவியில் தொலைத்துவிட்டு, கையிலிருந்த பொத்தான் பலகையைத் தரையில் வீசினாய். அப்போதே நினைத்தேன், இவனுக்குக் கவனம் போதாது என்று. தோலிலும் அதுதானே நடந்தது? இதை ஒத்துக்கொள்வதில் உனக்கு என்ன கஷ்டம்?

ரஃபி

*

ஜோலார்பேட்டை
22 ஜூன் 1996

ரஃபி,

பொத்தான் பலகையை வீசியது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்பு.

நாலாவது கேட்டைப் பற்றி நீ கேட்டது நல்லதாய்ப் போயிற்று. உன் பெட்டியின் மிகப் பெரிய குறை அதுதான். கட்டுரையில் அதை முதலில் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் இரண்டு சாவிகள் தொங்கும். ஒன்று வெளிச்சமாக இருக்கும், ஒன்று மங்கலாக இருக்கும். மங்கலானதை முதலில் எடுக்க வேண்டும், மாற்றி எடுத்தால் தரை திறந்து எரிமலையில் விழுவோம். நியாயமான ஏற்பாடு. கண்ணைத் திறந்து பார்க்கிறவன் ஜெயிப்பான்.

உன் பெட்டியில் இரண்டு சாவியும் அச்சாக ஒன்றுதான். அளவு ஒன்று, பல் ஒன்று, எல்லாம் ஒன்று. போதாததற்கு ஒவ்வொரு தடவையும் இடம் மாறித் தொங்குகின்றன. எதை முதலில் எடுப்பது என்று எப்படித் தெரியும்? வெறும் அதிர்ஷ்டம். உனக்கு அதிர்ஷ்டம் ஜாஸ்தி, எனக்குக் கம்மி. இதைக் கவனக்குறைவு என்று சொன்னால் எப்படி? விளையாட்டை அமைத்தவன் செய்த தவறுக்கு என்னைத் திட்டுகிறாய்.

தயவுசெய்து இதை எழுது. இந்த ஒரு விஷயத்திலாவது என் பக்கம் நியாயம் இருப்பதை அச்சில் பார்க்க வேண்டும்.

ஜெஃப்ரி

*

ஆம்பூர்
26 ஜூன் 1996

ஜெஃப்ரி,

இரண்டு சாவியும் ஒன்றா? விளையாடுகிறாயா? ஒன்று செங்கல் கலர், ஒன்று மருதாணி இலை கலர். ஃபரீதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது இன்னா கேள்வி, குருடனுக்குக்கூடத் தெரியும்" என்றாள்.

(மறுநாள்)

நேற்று அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். தூக்கம் வரவில்லை. காலையில் டேனரிக்குப் போய் இரண்டு துண்டுத் தோல் வெட்டிக்கொண்டு வந்தேன். இந்த உறையில் இருக்கின்றன. பின்பக்கம் பேனாவால் 1 என்றும் 2 என்றும் எழுதியிருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் பார்த்து, எது என்ன கலர் என்று எழுது. யாரையும் கேட்காதே. ஏன் என்று என்னையும் கேட்காதே. கிண்டல் இல்லை தோஸ்த், சத்தியமாக.

ரஃபி

*

ஜோலார்பேட்டை
1 ஜூலை 1996

ரஃபி,

கிண்டல் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு இப்படி அனுப்பினால் என்ன அர்த்தம்? ஒரே தோலை இரண்டாக வெட்டி அனுப்பியிருக்கிறாய். இரண்டும் பிரவுன். ஜன்னல் ஓரத்தில் பார்த்தேன். பிளாட்பாரத்துக்குப் போய் வெயிலில் பார்த்தேன். 2 கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். நான் தடுமாறுகிறேனா என்று சோதிக்கிறாயா? தடுமாறவில்லை. இரண்டும் பிரவுன். அடிக்கோடு போட்டுக்கொள்.

ஜெஃப்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதை எழுத வேண்டியதாகிவிட்டது. அப்பா டியூட்டி முடிந்து வந்தார். மேஜையில் கிடந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தார். "இன்னாடா இது, ஒண்ணு காப்பிக்கொட்டை கலரு, ஒண்ணு பாசி கலரு?" என்று கேட்டார். துண்டுகளை மறைத்து, கலைத்து, எண் தெரியாமல் மறுபடி நீட்டினேன். சரியாகச் சொன்னார். ஐந்து தடவை நீட்டினேன். ஐந்து தடவையும் சொன்னார்.

ரஃபி, எனக்குப் பயமாக இருக்கிறது.

*

ஆம்பூர்
6 ஜூலை 1996

அன்புள்ள ஜெஃப்ரி,

உன் பின்குறிப்பைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். வெட்கப்படவில்லை. நீ பார்த்துத்தான் வைத்தாய். நாங்கள்தான் உன்னைப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. கடிதத்தை மாமுவிடம் கொண்டுபோனேன். அவர் சாவிக் கதையைக் கேட்கவே மறுத்தார். டிவி விளையாட்டுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று துரத்தினார். பிறகு உன் பின்குறிப்பை மட்டும் படித்துக் காட்டினேன். ஐந்து தடவை நீட்டினாய் என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

அவர் மேஜை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். வடக்குப் பார்த்த ஜன்னல். டியூப்லைட் போட விட மாட்டார். வெயில் நேராக விழுந்தால் கலர் பொய் சொல்லும் என்று காலை வெளிச்சத்தில்தான் தோலைப் பிரிப்பார். அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெளிச்சத்த சரி பாத்தேன், தோல சரி பாத்தேன். பாக்கறவன் கண்ண ஒரு நாளும் பாக்கல. தப்பு அந்தப் பையனோடது இல்ல, என்னோடது."

இதை மேஜையில் இருந்த எல்லோர் எதிரிலும் சொன்னார். உன்னைக் கேலி செய்த சௌந்தரம் அக்காவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

நீ திரும்பி வர வேண்டும் என்கிறார். அசார்ட்டிங் வேண்டாம், வேறு வேலை பார்க்கலாமாம். எப்போது வருகிறாய்?

ரஃபி

*

ஜோலார்பேட்டை
20 ஜூலை 1996

அன்புள்ள ரஃபி,

இரண்டு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தேவகிருபை அத்தை என்னை வேலூருக்கு அழைத்துப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினார். ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள். உள்ளே ஒரு எண் இருக்கும், சொல் என்றார்கள். முதல் பக்கத்தில் 12 தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குப் புள்ளிகள் மட்டும்தான். பக்கத்தில் நின்ற அத்தை ஒவ்வொரு பக்கத்துக்கும் மெதுவாக மூச்சை இழுத்தார். அதிலிருந்து தெரிந்துகொண்டேன், அவருக்கு எல்லாப் பக்கத்திலும் எண் தெரிகிறது என்று. பிறவியிலேயே இருப்பதாம். மருந்து கிடையாது. ஆனால் மோசமாகவும் ஆகாது. சிவப்பு, பச்சை, பிரவுன் எனக்குக் கலந்துபோகும், ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் பிரித்துவிடுவேனாம். கறுப்பு வெள்ளை டிவியில் நான் ஏன் ஜெயித்தேன் என்று டாக்டருக்கு விளக்கினேன். அவர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அதை மறுபடி சொல்லச் சொன்னார்.

ரயில்வே பாரத்தை அப்பா நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். உதவி டிரைவருக்குக் கலர் பார்வை கட்டாயம். முப்பது வருஷமாக சிக்னல் பார்த்து வண்டி ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு பிள்ளை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "டேனரியில துரத்திட்டாங்கன்னதும் உன்ன சோம்பேறின்னு நெனச்சேன்டா. கேட்டிருக்கணும்." பிறகு தன் தட்டிலிருந்த மீனை என் தட்டில் வைத்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

உண்மையைச் சொல்கிறேன். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான். நான் அலட்சியக்காரன் இல்லை. ஒரு மாதமாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, தெரியுமா? பார்த்துத்தான் வைத்தேன் என்று உன்னிடம் வீறாப்பாக எழுதிவிட்டு, பார்க்காமலே வைத்துவிட்டேனோ என்று படுக்கையில் குழம்பியிருக்கிறேன்.

ஆனால் வர மாட்டேன் ரஃபி. அமீர் பாஷா பாய் நல்லவர். அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, பாவம் என்று சம்பளம் கொடுப்பார். அந்த வேலை எனக்கு வேண்டாம். எனக்குச் சரியாக வருகிற வேலை ஒன்று இருந்தால் சொல், வருகிறேன்.

ஜெஃப்ரி

*

ஆம்பூர்
29 ஜூலை 1996

அன்புள்ள ஜெஃப்ரி,

பிடிவாதக்காரனே, கேள்.

சரக்கைத் திருப்பி அனுப்பிய அதே ஷூ கம்பெனிக்கு மாமு முந்தாநாள் நேரில் போனார், நடந்ததை விளக்கிச் சொல்ல. என்னையும் அழைத்துப்போனார். அங்கே பேட்டர்ன் அறை என்று ஒன்று. ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையில் அச்சு வெட்டுகிற இடம். குடியாத்தத்துக்காரர் தணிகைவேல் அண்ணன்தான் அதற்குத் தலைவர். கட்டுரைக்காக உன் வரைபடத்தைப் பையில் வைத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் அவரிடம் எடுத்துக் காட்டினேன். அவர் ஸ்கேல் எடுத்து மூன்று இடத்தில் அளந்து பார்த்தார். "இத வரைஞ்சது யாரு? அரை மில்லிகூட வெலகல" என்றார். கண் விஷயத்தை அதுவரை நாங்கள் யாரும் சொல்லவே இல்லை, கவனித்துக்கொள்.

பிறகு சொன்னோம். அவர் சிரித்துவிட்டு ஒரு கட்டு அட்டை அச்சை என் கையில் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவச் சொன்னார். ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். நாட்ச் என்கிறார்கள். ஏழாம் சைஸுக்கு இரண்டு, எட்டாம் சைஸுக்கு மூன்று என்று வைத்திருக்கிறார்கள். எது எந்த சைஸ், எது எதோடு சேரும் என்று விரலே சொல்லிவிடும். அந்த அறையில் கலருக்கு வேலையே இல்லை. எல்லா அட்டையும் ஒரே பழுப்பு. கோடும் அளவும்தான் எல்லாம்.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. மூன்று மாதம் பார்ப்பாராம், சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவாராம். இரக்கத்துக்கு வேலை கொடுக்கிறவன் இப்படிப் பேசுவானா?

வா. கட்டுரையை நேரில் உட்கார்ந்து எழுதி முடிப்போம். நாலாவது கேட்டைப் பற்றி நீ சொன்னபடியே எழுதலாம்.

ரஃபி

*

பெங்களூர்
17 நவம்பர் 2003

அன்புள்ள ஜெஃப்ரி,

தொலைபேசியில் சொல்லாமல் கூரியரில் அனுப்புகிறேனே என்று பார்க்கிறாயா? சில விஷயங்களை நமக்குக் கடிதத்தில்தான் சொல்ல வரும்.

நம் கட்டுரை நினைவிருக்கிறதா? இரண்டாம் பரிசு, நவம்பர் இதழ். நாலாவது கேட்டைப் பற்றிய பத்தியை மட்டும், சொந்த விஷயம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று ஆசிரியர் வெட்டிவிட்டார். நீ பரவாயில்லை என்றாய். எனக்கு ஏழு வருஷமாக ஆறவில்லை. அச்சில் பார்க்க வேண்டும் என்று நீ கேட்ட ஒரே விஷயம் அது.

இந்த சிடியில் என் பழைய பெட்டியின் வல்கன் கேட் இருக்கிறது, கம்ப்யூட்டரிலேயே ஓடும். ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். சாவியின் படம் எட்டுக்கு எட்டு, மொத்தம் அறுபத்து நாலு புள்ளி. அது விளையாட்டுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. செங்கல் கலர் சாவியின் ஓரத்தில் மூன்று புள்ளிகளை அழித்துவிட்டேன். இப்போது அதில் ஒரு நாட்ச் இருக்கும். அதை முதலில் எடு.

ஆபீஸில் மென்பொருள் எழுதுகிறேன், நிறைய எழுதியிருக்கிறேன். இந்த மூன்று புள்ளியை அழித்ததுபோல் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை.

ரஃபி

*

ஆம்பூர்
24 நவம்பர் 2003

அன்புள்ள ரஃபி,

சிடி வந்தது. பேட்டர்ன் அறையில் இப்போது வரைவதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது, கலர் மானிட்டர். சாப்பாட்டு இடைவேளையில் அதில் போட்டேன். ஏறுவதற்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. கூட்ஸ் வண்டிக்குக் காத்திருந்த கைக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

சாவியின் ஓரத்தில் நீ வெட்டிய நாட்சைப் பார்த்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரஃபி, எனக்காக இவ்வளவு யாரும் செய்ததில்லை. இதை நேரில் சொன்னால் நீ கேலி செய்வாய் என்பதால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒரு செய்தி. நீ அன்று அனுப்பிய 1, 2 துண்டுகளை பாய் என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார் அல்லவா? அவை இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. அசார்ட்டிங் மேஜைக்கு யார் புதிதாக வந்தாலும் பெயர் கேட்பதற்கு முன்னால் அவற்றை எடுத்து நீட்டுகிறார். இத்தனை வருஷமாக எல்லோரும் சரியாகச் சொல்லிவந்தார்கள். போன வாரம் மாதனூரிலிருந்து பார்த்திபன் என்று ஒருவர் வந்தார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே பாய்?" என்றாராம்.

பாய் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கையைப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி, நேராக என் அறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். தணிகைவேல் அண்ணன் சோதித்துப் பார்த்துவிட்டு மூன்று மாதம் கொடுத்திருக்கிறார். இப்போது இந்த அறையில் இப்படிக் கண்ணோடு நாங்கள் இரண்டு பேர். மதியம் பார்த்திபனிடம் உன் விளையாட்டைக் காட்டினேன். எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாட்சைத் தானே கண்டுபிடித்து, ஆறாவது கேட் வரை போய்விட்டார்.

நான் எங்கே போனேன் என்று கேட்பாய். முதல் ஆட்டத்தில், நாலாவது கேட்டில், தப்பான சாவியை எடுத்து எரிமலையில் விழுந்தேன். நாட்ச் தெளிவாகத் தெரிந்தது. பார்த்திபனிடம் பேசிக்கொண்டே ஆடினேன், சரியாகப் பார்க்கவில்லை. இது சுத்தமான கவனக்குறைவு, கண் மேல் பழி போட வழியே இல்லை. நாற்காலியில் சாய்ந்து நன்றாகச் சிரித்தேன்.

பாயிடம் சொல்லிவிடாதே.

ஜெஃப்ரி